வாசகர் கேள்வி: ஒபரேஷனுக்கும் தியேட்டர், படத்துக்கும் தியேட்டரா?

கேள்வி: ஐயா, போன மாதம் அம்மாவுக்குக் குடலிறக்க ஒபரேஷன். "தியேட்டருக்குக் கொண்டு போயிட்டாங்க" என்று நர்ஸ் சொன்னதும் எங்கள் அம்மாயி, "வலியில துடிக்கிற பிள்ளைக்குப் படமா காட்டுறாங்க?" என்று கேட்டுவிட்டார். சிரித்துவிட்டோம். இரண்டுக்கும் ஏன் ஒரே பெயர்?
- வாசகி, மஸ்கெலியா

பதில்: சிரித்திருக்கக் கூடாது, மகள். அம்மாயி பாதி சரியாகத்தான் கேட்டிருக்கிறார்.

கிரேக்க மொழியில் 'தெயாத்ரொன்' என்றால் பார்க்கும் இடம். ஆடும் இடமல்ல. மலைச்சரிவில் படிபடியாக ஜனங்கள் உட்கார்ந்த பக்கத்துக்கே அந்தப் பெயர். ஆடிய தரை 'ஒர்கெஸ்ட்ரா'. அதன் பின்னால் நின்ற கூடாரம் 'ஸ்கேனே'. நாம் சொல்லும் 'சீன்' அதிலிருந்து வந்ததுதான். லத்தீனும் பிரெஞ்சும் கடந்து சொல் ஆங்கிலத்துக்குப் போனது. 1576இல் லண்டனில் ஜேம்ஸ் பர்பேஜ் கட்டிய நாடகக் கொட்டகையின் பெயரே 'தி தியேட்டர்'.

ஆஸ்பத்திரிக் கதைக்கு வருகிறேன். 1590களில் இத்தாலியின் பதுவாவில் பிணத்தை அறுத்துப் பாடம் நடத்த ஒரு மண்டபம் கட்டினார்கள். நடுவில் மேசை, சுற்றிலும் அடுக்கடுக்காக மாணவர்கள். 1822இல் லண்டன் செயின்ட் தோமஸ் ஆஸ்பத்திரியில், தேவாலயக் கூரைக்கடியில் அமைத்த ஒபரேஷன் அறையும் அப்படித்தான். மயக்க மருந்து வராத காலம். நோயாளி கதறக் கதற மாணவர்கள் படிகளில் நின்று பார்த்தார்கள். படிகள் போய்விட்டன, பெயர் நின்றுவிட்டது.

நம் 'அரங்கு' வேறு மாதிரி. அது ஆடுபவரின் இடம். அரங்கில்லாமல் வட்டாடுவது போல என்று வள்ளுவர் சொல்வது சூதாடக் கீறிய கட்டத்தை. சிலப்பதிகாரமோ மாதவி ஆடிய மேடையை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளந்தே சொல்கிறது. பார்க்க வந்தவர்கள் எங்கே உட்கார்ந்தார்களோ!

எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் காமன் பொட்டலில் கூத்து நடக்கும். ரதியும் மன்மதனும் கீழே. பொடியன்கள் நாங்கள் மேலே தேயிலைச் சரிவில், கான் என்கிற வடிகால் ஓரமாகக் குந்தியிருப்போம். தேயிலைச் செடியின் வாது, அதாவது கிளை, முறிந்தால் கங்காணியிடம் ஏச்சு வேறு. கிரேக்கன் பார்த்திருந்தால் பொட்டலை விட்டுவிட்டு, நாங்கள் இருந்த சரிவைத்தான் தியேட்டர் என்றிருப்பான்.

ஆஸ்பத்திரித் தமிழில் 'சத்திரசிகிச்சைக் கூடம்' என்று அழகாகத்தான் எழுதுகிறார்கள். வலியோடு போகிறவர் வாயில் அது நுழைவதில்லை.

அம்மாவைக் கொஞ்ச நாளைக்குக் கொழுந்துக்கூடை தூக்க விடாதீர்கள்.