நீங்க யாரு ஆளு?

அன்புள்ள ஐயா,

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன் நான். இப்போது தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறோம். என் தாத்தாவும் அவருடைய தம்பியும் 1989க்குப் பிறகு பேசிக்கொண்டதே இல்லை. அந்த வருடம் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் பதவிக்குச் சாமிவேலுவும் சுப்ரா என்கிற சுப்பிரமணியமும் மோதினார்கள். தாத்தா சாமிவேலு அணி, சின்னத் தாத்தா சுப்ரா அணி. போன மாதம் மாமா ஒருவர் ஒரு கட்சியின் உறுப்பினர் பாரத்தை, அதாவது படிவத்தை, கொண்டுவந்து நீட்டினார். "கூட்டத்துக்கெல்லாம் வர வேணாம், பேரு இருந்தா போதும், நம்ம அணிக்கு ஆள் வேணும்" என்றார். மறுத்தால் வீட்டில் மனஸ்தாபம். தாத்தா காலத்துக் கட்சி விசுவாசம் வெறும் அடிமைத்தனம்தானா? அணி சாராமல் ஒரு கட்சிக்குள் இருக்க முடியாதா?

ச., சுங்கை சிப்புட்

அன்புள்ள ச.,

மாமா கொண்டுவந்தது எந்தக் கட்சியின் பாரம் என்று நீங்கள் எழுதவில்லை. எழுத வேண்டியதும் இல்லை. உங்கள் கடிதத்தில் என்னைத் தொந்தரவு செய்தது 'அடிமைத்தனம்' என்ற சொல். தாத்தாவைப் பற்றி அதைச் சொல்லாதீர்கள்.

என் அப்பா தோட்டத்தில் ம.இ.கா. கிளைச் செயலாளராக இருந்தார். பால் மரம் வெட்டிவிட்டு வந்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அஞ்சடியில் (வீட்டு முன் தாழ்வாரத்தில்) உட்காருவார். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டை) வைத்திருந்தவர்கள் வயிற்றில் நெருப்போடு வந்து நிற்பார்கள். மலாயில் பாரம் நிரப்பத் தெரிந்தவர்கள் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இரண்டு மூன்று பேர்தான். பிறப்புப் பத்திரம் இல்லாத கிழவிக்குச் சாட்சி தேடி அப்பா சைக்கிளில் அடுத்த தோட்டம்வரை போயிருக்கிறார். அந்தக் கிழவியின் பிள்ளைகள் கடைசிவரை கட்சியை விடவில்லை. பாரம் எழுதிய கைக்கு அவர்கள் காட்டிய நன்றி அது.

அதற்கும் முந்தைய கதை இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, அப்போதைய ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளிகள் மாதம் பத்து வெள்ளி கட்டினார்கள். அந்தக் காசில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. சம்பந்தன் உங்கள் ஊர் நாடாளுமன்ற உறுப்பினர். அவர் பெயரைச் சொன்னால் எங்கள் தாத்தா எழுந்து நிற்பார். அப்படி நின்றவரை அடிமை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பிறகு அணிகள் வந்தன. 1977இல் ம.இ.கா. துணைத்தலைவர் பதவிக்குச் சாமிவேலுவும் சுப்பிரமணியமும் மோதினார்கள், சாமிவேலு வென்றார். 1979இல் தலைவர் மாணிக்கவாசகம் இறந்ததும் தலைமை சாமிவேலுவிடம் வந்தது. 1988இல் கட்சிப் பிரமுகர் பண்டிதன் நீக்கப்பட்டார். இரண்டு வருடத்தில் அவருடைய புதுக் கட்சி ஐ.பி.எப். பிறந்தது. இடையில்தான் உங்கள் வீட்டைப் பிரித்த 1989, தலைவர் பதவிக்கே போட்டி. எங்கள் தோட்டத்தில் அந்த வருடம் மாரியம்மன் திருவிழாவுக்கு இரண்டு தலைவர்கள், இரண்டு வசூல் நோட்டு. "யாரு ஆளு நீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் பந்தியில் உட்கார வைத்தார்கள்.

இரண்டு தலைவர்களுக்கும் கொள்கையில் என்ன வித்தியாசம் என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். நெடுநேரம் யோசித்தார். பிறகு, "இவரு நம்ம கிளைக்கு வந்திருக்காருப்பா" என்றார். தலைவர் வந்து தோளில் கை போட்டது அவருக்குப் பெரிய விஷயம். தலைவர்கள் பிரிந்தபோது, பாரம் எழுதிய கை எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கம் வீடுகள் போயின. பிரித்தவர்கள் பிறகு மேடையில் கை குலுக்கினார்கள். லயத்தில் பிரிந்தவர்களைச் சேர்த்துவைக்க யாரும் வரவில்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதில்தான்.

சாமிவேலுவுக்குப் பிறகு தலைவரான பழனிவேலும் டாக்டர் சுப்பிரமணியமும் (இவர் வேறு சுப்பிரமணியம்) மோதியபோது நீங்கள் பள்ளியில் இருந்திருப்பீர்கள். 2013 கட்சித் தேர்தல் விவகாரம், கட்சிகளைப் பதிவு செய்யும் சங்கப் பதிவிலாகாவுக்குப் போனது, மறுதேர்தல் உத்தரவு வந்தது, பிறகு வழக்கு. கட்சி விவகாரத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் உறுப்பியம் இழக்கிறார் என்ற 91ஆவது விதியைக் காட்டி, 2015இல் பதவியிலிருந்த தலைவர் பழனிவேலே கட்சியில் இல்லை என்றார்கள். இத்தனைக்கும் நடுவே உங்கள் தொகுதியில் என்ன நடந்தது? 2008இல் சாமிவேலு தோற்றார். 2013, 2018 தேர்தல்களிலும் கட்சிக்குத் தோல்வி. 2022இல் கட்சித் தலைவர் விக்னேஸ்வரனே நின்றும் கிடைக்கவில்லை. தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, சனங்கள் தாமானுக்கும் பட்டணத்துக்கும் போய்விட்டார்கள். ஆனால் கட்சிக்குள் பலம் கிளைக் கணக்கில்தான் அளக்கப்பட்டது. பேப்பரில் மட்டும் இருக்கும் கிளைகளைப் பற்றி அந்தக் கட்சிக்குள்ளேயே பலமுறை புகார் எழுந்திருக்கிறது. ஊரில் ஆள் குறையக் குறைய பட்டியலில் ஒரு பெயருக்கு மதிப்பு கூடும். உங்கள் மாமாவின் பாரமும் அந்தக் கணக்கில்தான் வந்திருக்கிறது.

அணி இல்லாத கட்சி கிடையாது. நாலு பேர் கூடினால் இரண்டு அபிப்பிராயம் இருக்கும், இருக்கவும் வேண்டும். இந்தத் தேர்தலில் இன்னாரை ஆதரிக்கிறேன் என்று சொல்லுங்கள், வேலை செய்யுங்கள். எண்ணிக்கை முடிந்த மறுநாள் தோற்றவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக முடிகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். முடிந்தால் அந்த அணியில் இருக்கலாம்.

மாமாவிடம் முகத்தில் அடித்தாற்போல் பேச வேண்டாம். கிளையின் கூட்டக் குறிப்பு நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். கடைசியாக எப்போது கூடினார்கள், என்ன பேசினார்கள், தமிழ்ப்பள்ளிக்கோ ஐசி இல்லாத பிள்ளைக்கோ ஏதாவது செய்தார்களா? நோட்டில் எழுத்து இருந்தால் சேருங்கள். சேர்ந்தால் கூட்டத்துக்குப் போங்கள், "வர வேணாம்" என்று சொன்னாலும் போய் உட்காருங்கள். நோட்டே இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். மனஸ்தாபம் வரும், வரட்டும்.

சின்னத் தாத்தா எங்கே இருக்கிறார் என்று நீங்கள் சொல்லவில்லை. பக்கத்தில்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். தாத்தாவிடம் கட்சிப் பேச்சே எடுக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கார் எடுத்து, அவரை முன்சீட்டில் உட்கார வைத்து, எங்கே போகிறோம் என்று சொல்லாமல் அந்த வீட்டு வாசலில் நிறுத்துங்கள். என் அப்பாவுக்கும் அவர் அண்ணனுக்கும் இதைச் செய்ய நான் மூன்று மாதம் தாமதித்துவிட்டேன்.