முதல் ஆண்டு எதையும் வாங்காதீர்கள்

தம்பி,

கோவையிலிருந்து இங்கிலாந்தின் குரூ நகருக்கு வேலைக்கு வந்து எட்டு மாதமே ஆன நீங்கள், பக்கத்து ஊரான நாண்ட்விச்சில் ஜனவரியில் நடந்த உள்நாட்டுப் போர் ரீஎனாக்ட்மென்ட்டை, அதாவது பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த போரின் ஒரு சண்டையை அக்கால உடையில் நடித்துக் காட்டும் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, அதில் சேர்வது எப்படி, எவ்வளவு செலவாகும், துப்பாக்கி ஏந்த முடியுமா, நம் நிறத்தவரை வைத்துக்கொள்வார்களா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். பதினோர் ஆண்டுகளாக அந்த வயல்களில் ஈட்டி பிடித்து நிற்பவன் என்ற உரிமையில் பதில் எழுதுகிறேன்.

நீங்கள் நடிப்பாகப் பார்த்தது 1644 ஜனவரி 25 அன்று நடந்த சண்டை. அரசர் சார்லஸின் தரப்பில் தளபதி பைரன் முற்றுகையிட்டிருந்த ஊரை, நாடாளுமன்றத் தரப்பின் தளபதி தாமஸ் ஃபேர்ஃபாக்ஸ் வந்து மீட்டார். அந்த மகிழ்ச்சியில் ஊர்மக்கள் தொப்பியில் ஹாலி என்ற முள்ளிலைச் செடியின் இலையைச் செருகிக்கொண்டதால்தான் அந்நாளுக்கு 'ஹாலி ஹோலி டே' (ஹாலித் திருநாள்) என்று பெயர் வந்தது. இந்த நடிப்பை நடத்தும் சீல்டு நாட் என்ற அமைப்பை 1968இல் பிரிகேடியர் பீட்டர் யங் தொடங்கினார். அதற்குள் பல ரெஜிமென்ட்டுகள், அதாவது படைப்பிரிவுகள் உண்டு. உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ரெஜிமென்ட்டுக்கு எழுதி, ஒரு நாள் பயிற்சிக்கு வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். எந்தத் தரப்பு என்பதை விட, யாருடைய காரில் இடம் கிடைக்கிறது என்பதே பெரும்பாலும் நம் அரசியலைத் தீர்மானிக்கிறது. நான் நாடாளுமன்றவாதி ஆனது அப்படித்தான்.

செலவைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்வேன்: முதல் ஆண்டு எதையும் வாங்காதீர்கள். புதியவர்களுக்கென்று ரெஜிமென்ட்டில் ஒரு பெட்டி நிறைய இரவல் உடுப்பு இருக்கும். நான் அந்தப் பெட்டியை மதிக்காமல், வந்த வேகத்தில் இணையத்தில் ஒரு கடையில் 'பதினேழாம் நூற்றாண்டு வீரர் உடை' என்று விற்றதை வாங்கி அணிந்து போனேன். பார்வைக்குக் கம்பளி போலிருந்த அது பாலியெஸ்டர். பக்கத்தில் நின்ற துப்பாக்கிக்காரர் மருந்தைப் பற்றவைக்க வைத்திருந்த எரியும் திரியிலிருந்து பறந்த ஒரு பொறி என் கைப்பக்கம் விழுந்ததும், துணி எரியாமல் உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. கடுகளவு தழும்பு இன்றும் இருக்கிறது. அசல் கம்பளியாக இருந்திருந்தால் அந்த இடம் கருகி, தட்டிவிட்டதும் உதிர்ந்திருக்கும். ஆதாரபூர்வமான உடை வேண்டும் என்று மூத்தவர்கள் பிடிவாதம் பிடிப்பது வரலாற்றுப் பித்தால் மட்டுமல்ல, பாதுகாப்புக்காகவும்தான் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

சொந்தமாகச் சேர்க்கத் தொடங்கும்போது முதலில் காலணியை வாங்குங்கள், ஏனெனில் இரவலில் அளவு பொருந்தாதது அதுதான். அக்காலக் காலணிக்கு வலது இடது என்ற வேறுபாடு கிடையாது. இரண்டும் ஒரே அச்சில் செய்யப்பட்டவை, போட்டுப் போட்டுத்தான் காலுக்கு ஏற்ப வளையும். அடுத்து லினன் சட்டை. அதை நீங்களே தைக்கலாம், ஏனெனில் அது முழுக்கச் சதுரமும் செவ்வகமுமான துண்டுகளால் ஆனது. துணியை வீணாக்காத அந்த வெட்டு நம் தையற்காரர்களுக்கும் பிடிக்கும். உள்தையலை மெஷினில் ஓட்டினாலும் வெளியே தெரியும் தையல் கையால் போட்டதாக இருக்க வேண்டும் என்பது எங்கள் ரெஜிமென்ட்டின் வழக்கம். கோட்டின் நிறத்தை ரெஜிமென்ட் சொல்லும். சிவப்புக் கோட்டு ஒரு படை முழுவதற்கும் பொதுவானது 1645இல் நாடாளுமன்றத்தின் 'புதிய மாதிரிப் படை' (நியூ மாடல் ஆர்மி) உருவானபோதுதான். அதற்கு முன் ரெஜிமென்ட்டுக்கு ஒரு நிறம்.

துப்பாக்கி ஆசையைச் சற்றே ஒத்திவையுங்கள். குண்டு போடாமல் வெறும் வெடிமருந்து மட்டுமே வெடித்தாலும், இங்குள்ள சட்டத்தின் பார்வையில் அது உண்மையான துப்பாக்கிதான். ஷாட்கன் சான்றிதழும், கருமருந்து வாங்கி வைத்திருக்க வெடிபொருள் சான்றிதழும் காவல்துறையிடம் பெற வேண்டும். உங்களைச் சில காலமாக அறிந்த ஒருவர் சான்று தர வேண்டும், பூட்டிய இரும்புப் பெட்டி வேண்டும், அதைச் சுவரில் பொருத்த வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். வந்த புதிதில் வாடகை வீட்டில் இருப்பவருக்கு இது தலைவலி. ஈட்டிக்கு இவை எதுவும் வேண்டாம். அன்றைய ஈட்டியின் நீளம் பதினாறு அடி. காற்றடிக்கும் நாளில் அதை நேராகப் பிடித்து நிற்பதே பாதிப் பயிற்சி. மோதும்போது ஈட்டிகளை வானத்தை நோக்கி நிமிர்த்திவிட்டு, தோளோடு தோள் கொடுத்து எதிரணியைத் தள்ளுவோம். முன்வரிசையில் நின்றால் முதுகில் நாற்பது பேரின் பாரம் ஏறும், முகம் எதிராளியின் தாடியில் அழுந்தும், அவர் காலையில் தின்ற வெங்காயம் வரை தெரியும்.

நிறத்தைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்கு முகத்தைப் பற்றி வந்த கேள்விகள் பார்வையாளர்களிடமிருந்துதான் வந்தன. அணிக்குள் என்னைத் திட்டியதெல்லாம் கைக்கடிகாரத்தைக் கழற்ற மறந்ததற்காக. வங்காள விரிகுடாக் கரையிலிருந்து கொண்டுவரப்பட்ட இளைஞர் ஒருவருக்கு 1616 டிசம்பர் 22 அன்று லண்டனில் பீட்டர் என்று பெயரிட்டு ஞானஸ்நானம் செய்தார்கள். போருக்கு இருபத்தாறு ஆண்டுகள் முன்பே நம் பக்கத்து முகம் இங்கே இருந்திருக்கிறது என்று கேட்பவர்களிடம் சொல்வேன். இன்னொன்றும் சொல்வதுண்டு: சென்னை நாள் என்று நாம் கொண்டாடும் 1639 ஆகஸ்ட் 22க்குச் சரியாக மூன்று ஆண்டுகள் கழித்து, 1642இல் அதே தேதியில்தான் சார்லஸ் நாட்டிங்காமில் போர்க்கொடி ஏற்றினார்.

முகாமுக்கு வரும்போது மிளகாய்த்தூள் டப்பாவைப் பையின் அடியில் வையுங்கள். பொதுமக்கள் உள்ளே இருக்கும்வரை அடுப்பில் கஞ்சியும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான்; உருளைக்கிழங்கு, தக்காளி எதுவும் கண்ணில் படக்கூடாது. தேநீரும் கூடாது, ஏனெனில் போர் முடிந்த பிறகே அது இந்த ஊர்க் கடைகளுக்கு வந்தது. மாலையில் கதவு அடைத்ததும் எங்கள் கூடாரத்துக்குப் பின்னால் வாருங்கள், ஏலக்காய் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்திருப்பேன்.