மாதம் 60 டாலரில் பழைய பேஸ்பால் அட்டைகள்: முதலீடா, ஆசையா?

கேள்வி: நியூஜெர்சிக்கு வந்து பதினோரு வருடமாகிறது. மகன் லிட்டில் லீகில் ஆடப்போய், எனக்கும் பேஸ்பால் பைத்தியம் பிடித்துவிட்டது. 1950, 60களில் டாப்ஸ் கம்பெனி ஆட்டக்காரர்களின் படத்தோடு வெளியிட்ட அட்டைகளைச் சேர்க்க ஆசை. மாதம் 60 டாலர் ஒதுக்க முடியும். கிரெடிட் கார்டில் 1,800 டாலர் பாக்கி இருக்கிறது. அந்தக் கால நட்சத்திர ஆட்டக்காரர் மிக்கி மேன்டிலின் அட்டை ஒன்று, கோடி டாலருக்கு மேல் போனதாமே? மகனின் கல்லூரிச் செலவுக்கு இதையே முதலீடாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: அட்டை சேருங்கள், முதலீடு என்று மட்டும் நினைக்காதீர்கள்.

நீங்கள் படித்தது உண்மைதான். 1952 டாப்ஸ் தொகுதியின் 311ஆம் எண் மேன்டில் அட்டை, 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஆனால் அதை விற்றவர் 1991இல் வாங்கியபோதே 50,000 டாலர் கொடுத்திருந்தார். 1952 தொகுதியில், மேன்டில் அட்டையும் சேர்ந்த கடைசி வரிசை அட்டைகள் கடைகளுக்கு வந்தபோது சீசனே முடியப்போகிற நேரம். பெட்டி பெட்டியாகத் தேங்கிவிட்டன. 1960இல் அவற்றைப் படகில் ஏற்றிப்போய் அட்லாண்டிக் கடலில் கொட்டினோம் என்று, அந்தத் தொகுதியை வடிவமைத்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். மிஞ்சியது குறைவு, அதிலும் முனை மழுங்காதது அபூர்வம். விலை அப்படி ஏறியது. ஆனால் 1980களின் கடைசியில் எல்லாரும் பத்திரப்படுத்திய அட்டைகள் கொள்ளை கொள்ளையாக அச்சடிக்கப்பட்டவை. பெரும்பாலானவை இன்று பேப்பர் விலைக்குத்தான் போகும்.

சரி, உங்கள் 60 டாலருக்கு வருவோம். கிரெடிட் கார்டு வட்டி பெரும்பாலும் வருடத்துக்கு 20 சதவீதத்தைத் தாண்டும். அந்த வேகத்தில் ஏறும் என்று எந்த அட்டையையும் நம்ப முடியாது. அதனால் இப்போது கட்டும் தவணைக்கு மேல் 50 டாலரை அங்கே போடுங்கள். மீதி பத்து டாலர் அட்டைக்கு.

பத்து டாலரில் என்ன கிடைக்கும் என்கிறீர்களா? நிறையவே கிடைக்கும். ரசிகர்கள் 'காமன்' என்று சொல்லும், நட்சத்திரம் அல்லாத ஆட்டக்காரர்களின் அட்டைகள், 1950களுடையவை கூட, மூலை மழுங்கியும் லேசாக மடிந்தும் இருந்தால் சில டாலருக்கே வரும். ஒரே வருடத்தையோ ஒரே அணியையோ பிடித்துக்கொள்ளுங்கள். என் தேர்வு 1971 டாப்ஸ். அதன் ஓரம் முழுக்கக் கறுப்பு. கை பட்டாலே உரிந்து வெள்ளை தெரியும். அதனால் குறையில்லாதது யானை விலை, தேய்ந்தது பூனை விலை. ஒன்று மட்டும் கவனம்: அந்த வெள்ளையை மார்க்கர் பேனாவால் பூசி மறைப்பவர்கள் உண்டு. அட்டையைப் படுக்கவைத்து, ஓரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

நானும் ஏமாந்திருக்கிறேன். ஒரு கண்காட்சியில் 1965 டாப்ஸ் அட்டை ஒன்றை 140 டாலருக்கு வாங்கினேன். மூலைகள் கத்தி மாதிரி இருந்தன, சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து அளந்தால், இரண்டரை அங்குல அகலம் இருக்க வேண்டியது அரை நூல் குறைவு. மழுங்கின ஓரத்தை யாரோ வெட்டிச் சீராக்கியிருக்கிறார்கள். இப்போது சட்டைப் பையில் ஸ்கேல் இல்லாமல் போவதில்லை.

விலையைப் பார்க்க, ஈபேயில் விற்பவர் கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள். விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். மலிவான அட்டையைத் தரம் பார்க்கச் சொல்லி பி.எஸ்.ஏ. என்ற தர மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பாதீர்கள், அட்டை விலையைவிடக் கட்டணம் அதிகமாகிவிடும். பிளாஸ்டிக் உறை, கெட்டியான மேலுறை, ஈரமில்லாத அலமாரி போதும்.

கல்லூரிச் செலவுக்குச் சேமிக்கவே 529 என்ற கணக்கு இருக்கிறது. தகுதியான படிப்புச் செலவுக்கு எடுத்தால் லாபத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது. அட்டை விற்ற லாபத்துக்கோ, ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தாலும் 28 சதவீதம் வரை வரி வரலாம். பங்குகளுக்கு அந்த உச்சம் 20தான். ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குப் பணத்தில் அட்டை வாங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதைப் பணம் வெளியே எடுத்ததாகவே வரித்துறை கணக்கில் கொள்ளும்.

கடன் தீர்ந்ததும் அந்த 50 டாலரை 529க்கு மாற்றிவிடுங்கள். பத்து டாலர் பத்து டாலராகவே இருக்கட்டும். ஏதாவது மாதம் மனசுக்குப் பிடித்தது அமையாவிட்டால், அடுத்த மாதம் இருபது.