நம்பர் பலகைக்கு எத்தனை ஒயர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கோயில் அன்னதான வரிசைக்கு எண் காட்டும் நான்கு இலக்க எல்.இ.டி. பலகை செய்கிறேன். முப்பதுக்கு மேல் ஒயர் வருகிறது. குறைக்க முடியுமா? (தாப்பா)

பதில்: முடியும். ஓர் இலக்கத்தில் 'ஏ' முதல் 'ஜி' வரை ஏழு செக்மென்ட் (எரியும் துண்டு), அதோடு ஒரு புள்ளி. நான்கு இலக்கத்தின் 'ஏ' கால்களை ஒன்றாக, 'பி' கால்களை ஒன்றாக என்று கட்டிக்கொண்டே போங்கள். புள்ளியோடு 8 கோடு, இலக்கத்துக்கு ஒரு பொதுக் கால் (அதன் எல்லா செக்மென்ட்டும் சேரும் கால்), ஆக மொத்தம் 12. ஒவ்வொன்றையும் 2 மில்லி விநாடி மாற்றி மாற்றி எரியவிட்டால் கண்ணுக்கு நான்கும் சேர்ந்தே தெரியும். அதுவும் அதிகமென்றால் மேக்ஸ் 7219 ஐசி, சிக்னலுக்கு 3 ஒயர்தான், 8 இலக்கம் வரை ஓட்டும். ஆனால் பொது கேத்தோடுக்கு மட்டும், அதாவது பொதுக் கால் மைனஸாக இருக்கும் வகைக்கு; அது பிளஸாக இருந்தால் பொது அனோடு. வாங்கும்போதே அனோடா கேத்தோடா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: டிஸ்ப்ளே எரியவில்லை. ஏன்?

பதில்: என்ன டிஸ்ப்ளே, எத்தனை வோல்ட், ஒன்றும் எழுதவில்லை. நான் ஜோசியம் பார்ப்பதில்லை. கிரவுண்டை (மைனஸ் ஒயரை) சேர்த்தீர்களா, அதை முதலில் பாருங்கள்.

கேள்வி: ஒயரிங் சுருங்கட்டும் என்று பொதுக் காலில் ஒரே ரெசிஸ்டர் (கரண்டைக் குறைக்கும் மின்தடை) போட்டேன். 1 பளிச்சென்று எரிகிறது, 8 மங்கல். மட்டமான சரக்கா? (பீடோர்)

பதில்: சரக்கு மேல் பழி போடாதீர்கள். இதை எழுதி எழுதி எனக்குக் கை வலிக்கிறது. 5 வோல்ட்டில் சிவப்பு எல்.இ.டி. பிடிக்கும் 2 போக மீதி 3, அதற்கு 220 ஓம் போட்டால் 14 மில்லி ஆம்ப்தான் போகும். 1 என்றால் இரண்டு செக்மென்ட், ஆளுக்கு 7. 8 என்றால் ஏழு பேர், ஆளுக்கு 2. போன மாதம் செம்பனைத் தோட்டத்துப் பையன் ஒருவன் பலகையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான், 11 ரோட்டுக்கு அந்தப் பக்கம் தெரிகிறது, 88-ஐக் கையால் வெயிலை மறைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. புரோகிராமில் பிழை என்று மூன்று நாள் தேடியிருக்கிறான், பாவம். சில காசு ரெசிஸ்டரை மிச்சம் பிடித்து என்ன பண்ணப் போகிறீர்கள்? செக்மென்ட் கோட்டுக்கு ஒன்று வீதம் போடுங்கள். நான்கு இலக்கத்துக்கு 28 வேண்டுமே என்று பயப்படாதீர்கள், மாற்றி மாற்றி எரியும்போது கோடு பொது, புள்ளி இல்லையென்றால் 7 போதும். அப்புறம், 8 எரியும்போது பொதுக் காலில் 100 மில்லி ஆம்ப் வரும், ஆர்டுயினோவில் (புரோகிராம் ஓடும் சின்ன போர்டில்) நேராக மாட்டாமல் இடையில் 2என்2222 டிரான்சிஸ்டர் வையுங்கள். இல்லை, ஒரே ரெசிஸ்டர்தான் என்று அடம் பிடித்தால் 7219 வாங்குங்கள், எல்லா செக்மென்ட்டின் கரண்டையும் அதில் ஒரு ரெசிஸ்டர் கட்டுப்படுத்தும்.

கேள்வி: பந்துத் திடலுக்கு 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்டிரிப்பை வெட்டி ஓர் அடி உயர இலக்கம் செய்கிறேன். 7219 தாங்குமா? (சுங்கை சிப்புட்)

பதில்: தாங்காது, அது 5 வோல்ட் ஐசி. டிபிஐசி6பி595 என்ற ஐசி போடுங்கள், அதன் ஒவ்வொரு வெளியீட்டுக் காலும் 150 மில்லி ஆம்ப் வரை இழுக்கும். இலக்கத்துக்கு ஒன்றாகத் தொடர்ச்சியாக மாட்டினால் சிக்னல் ஒயர் அதே 3. ஸ்டிரிப்பைக் கத்தரிக் குறியில் மட்டும் வெட்டுங்கள். 12 வோல்ட் கிரவுண்டும் 5 வோல்ட் கிரவுண்டும் சேர வேண்டும், மறுபடியும் சொல்கிறேன்.

கேள்வி: பலகைக்கும் நடுவர் மேசைக்கும் 20 மீட்டர். எந்தக் கேபிள்?

பதில்: ஆர்டுயினோவைப் பலகையிலேயே வைத்துவிட்டு பட்டன் ஒயரை மட்டும் இழுங்கள். இடி இடித்தால் பிளக்கைக் கழற்றுங்கள்.