டெக்சாஸ் மனைப்பிரிவு: 30 நாள் தாண்டியும் பதில் இல்லையென்றால்

நண்பரே, டெக்சாஸில் உங்கள் நிலத்தை இரண்டு மனையாகப் பிரிக்க வரைபடம் கொடுத்து 40 நாளாகியும் நகராட்சி வாயே திறக்கவில்லை என்கிறீர்கள். மனம் தளராதீர்கள், சட்டம் உங்கள் பக்கம்தான். அந்த மாநில உள்ளாட்சிச் சட்டத் தொகுப்பின் 212-ஆம் அத்தியாயப்படி, முழுமையான விண்ணப்பமும் கட்டணமும் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் ஒப்புதலோ, நிபந்தனையோ, மறுப்போ சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகவே கணக்கு. முதலில் கட்டண ரசீதின் தேதியைப் பாருங்கள். நாள் கணக்கு பிசகுவது பெரும்பாலும் அங்கேதான். நீங்களே எழுத்தில் கேட்டு நீட்டிப்பு வாங்கியிருந்தால் மேலும் 30 நாள் வரை போகும். இல்லையென்றால் போனில் கேட்டு அலையாமல், தாக்கல் தேதியையும் கெடுவுக்குள் முடிவெடுக்காததையும் குறிக்கும் சான்றிதழ் கேட்டு இன்றே கடிதம் கொடுங்கள். கேட்டால் அவர்கள் தந்தே ஆக வேண்டும். ஒப்புதல் முத்திரைக்குப் பதிலாக அதுவே செல்லும்.