பேர் வெட்டுனா வெட்டுனதுதான்: எக்ஸ்எஸ்எல்டி வேரியபிள் கேள்வி பதில்

2024 ஆகஸ்ட் 1-லேருந்து மலேசியாவுல பெரிய கம்பெனிங்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம் ஆச்சு இல்லயா, அதுக்கப்புறம் எக்ஸ்எம்எல் (டேக் போட்டு டேட்டாவ அடுக்குற ஃபார்மட்) பக்கம் தலவச்சு கூட படுக்காத ஆளுங்கல்லாம் அத வேற வடிவத்துக்கு மாத்துற எக்ஸ்எஸ்எல்டி ஸ்டைல்ஷீட் எழுத உக்காந்துட்டாங்க. நான் பாயான் லெப்பாஸ்ல பதினஞ்சு வருஷமா இதே வேலதான், அதனால கூட்டாளிங்க, கூட்டாளியோட கூட்டாளிங்கன்னு எல்லாரும் என்கிட்ட கேக்குறாங்க, அதுல வேரியபிள் (ஒரு மதிப்புக்கு வைக்கிற பேர்) பத்தி வந்தத மட்டும் இங்க எடுத்து பதில் சொல்றேன். கோட் பேரெல்லாம் தமிழ் எழுத்துலயே போட்டிருக்கேன், உங்க ஃபைல்ல ஆங்கிலத்துல இருக்குறத மனசுல வச்சு படிச்சுக்கோங்க.

செந்தூல் தம்பி: அக்கா, மேல மொத்தம்னு ஒரு குளோபல் வேரியபிள் 0 போட்டு, ஃபார்-ஈச்குள்ள (ஒவ்வொரு வரிக்கும் ஒரு சுத்து) மொத்தம் = மொத்தம் + வெலன்னு கூட்டுறேன். வெளிய வந்து பாத்தா 0-தான் நிக்குது. ஜாவால ரெண்டு வரி வேல இது!

தம்பி, ஜாவாவ கொஞ்சம் வாசல்ல விட்டுட்டு வாங்க. கல்யாணத்துக்கு குடுக்குற எவர்சில்வர் குடத்துல பேர் வெட்டி குடுப்பாங்க பாருங்க, வெட்டுனா வெட்டுனதுதான், அழிச்சு வேற பேர் எழுத முடியாது. எக்ஸ்எஸ்எல்டி வேரியபிளும் அப்படித்தான், ஒரு தடவ மதிப்பு குடுத்தா அப்புறம் மாறாது. நீங்க ஃபார்-ஈச்குள்ள போட்டது அதே பேர்ல புது குடம், ஒவ்வொரு சுத்துக்கும் 0-லேருந்து ஒரு வெலய கூட்டி அங்கயே செத்துப் போவுது. குளோபல்ல இருந்ததால உங்களுக்கு சத்தமில்லாம ஓடியிருக்கு, ஒரே டெம்ப்ளேட்குள்ள (ஒரு டேக்குக்கு என்ன செய்யணும்னு எழுதுற துண்டு) ரெண்டு தடவ அதே பேர் போட்டிருந்தா எக்ஸ்எஸ்எல்டி 1.0-ல எரரே வந்திருக்கும்.

வெறும் வெலய மட்டும் கூட்டணும்னா சம்() போதும். வெலயையும் எண்ணிக்கையையும் பெருக்கி கூட்டணும்னாதான் 1.0-ல தலவலி, ஏன்னா சம்() நோடுங்கள (எக்ஸ்எம்எல்ல இருக்குற டேக், எழுத்து மாதிரி துண்டுங்க) மட்டும்தான் வாங்கும், பெருக்கி வர்ற நம்பர வாங்காது. அதுக்கு தன்னையே கூப்பிடுற டெம்ப்ளேட் எழுதணும், அதுக்கு ரெண்டு பேரம் (param, டெம்ப்ளேட்டுக்கு வெளியிலேருந்து அனுப்புற மதிப்பு) குடுக்கணும், வரிகள்னு ஒன்னு, இதுவரைன்னு ஒன்னு. உதாரணமா பில்லுல மூனு வரி, வெலயும் எண்ணிக்கையும்: 12.50 வெள்ளி 2, 3.20 வெள்ளி 5, 8 வெள்ளி 1. மொத தடவ இதுவரை 0, மொத வரிய பெருக்கி 25 ஆக்கி மிச்ச ரெண்டு வரியோட தன்னையே கூப்பிடும், அடுத்தது 41, அடுத்தது 49, அப்புறம் வரியே இல்ல, அப்போ 49-அ எழுதிட்டு நிக்கும். பாத்தீங்களா, எந்த வேரியபிளும் மாறல, ஒவ்வொரு அழைப்புலயும் புதுசா ஒன்னு பொறக்குது. ஆயிரக்கணக்குல வரி இருந்தா ஜாக்கிரத, எக்ஸ்எஸ்எல்டிபிராக்ல (ஸ்டைல்ஷீட்ட ஓட்டுற கமாண்ட்) ஆழம் 3000-ன்னு டிஃபால்ட் வச்சிருக்காங்க, அத தாண்டுனா நின்னுடும், லிஸ்ட்ட பாதி பாதியா பிரிச்சு கூப்பிடுங்க. 2.0-ல இவ்ளோ கூத்தே வேணாம், சம்(வரி/(வெல * எண்ணிக்க)) ஒரே வரி.

பட்டர்வொர்த் தங்கச்சி: அப்போ வரிசை நம்பர் 1, 2, 3 எப்படிக்கா போடுறது? பொசிஷன்() போட்டேன், 2, 4, 6-ன்னு வருது.

பொசிஷன்() சரிதான்மா. அப்ளை-டெம்ப்ளேட்ஸ்ல செலக்ட் போடாம விட்டிருப்பீங்க, அப்போ டேக்குக்கு நடுவுல இருக்குற வெறும் இடைவெளி, புது வரி எல்லாம் ஒரு நோடா எண்ணிக்கையில சேந்துடும். செலக்ட்="வரி"-ன்னு போடுங்க, இல்லன்னா மேல ஸ்ட்ரிப்-ஸ்பேஸ் போட்டு அந்த இடைவெளிய எடுத்துடுங்க.

கிள்ளான்லேருந்து: செலக்ட்="பினாங்கு"-ன்னு ஊர் பேர வச்சேன், வெறுமையா வருது. எரரும் இல்ல.

அது பினாங்குன்னு ஒரு டேக்க தேடிப் போயிருக்கு, கிடைக்கல, சும்மா திரும்பி வந்திருச்சு. எழுத்தா வேணும்னா உள்ள இன்னொரு கோட்டு: செலக்ட்="'பினாங்கு'". எல்லாரும் ஒரு தடவையாவது விழுற குழி இது, நானும்தான்.

ஜார்ஜ்டவுன்லேருந்து ஒரு அண்ணன்: சூஸ், வென்குள்ள (இப்படின்னா இது, அப்படின்னா அதுன்னு பிரிக்கிற இடம்) வேரியபிள் வச்சா கீழ தெரிய மாட்டேங்குது தங்கச்சி.

தெரியாதுண்ணே, வேரியபிள் பொறந்த இடத்துக்கு அடுத்து வர்ற அண்ணன் தம்பிங்களுக்கும் அவங்க பிள்ளைங்களுக்கும் மட்டும்தான் தெரியும், வென் மூடுனதும் கத முடிஞ்சிது. மாத்திப் போடுங்க, வேரியபிள் வெளிய, சூஸ் அதுக்குள்ள. ஆனா இதுலயும் 1.0-ல ஒரு பொறி இருக்குண்ணே, செலக்ட் இல்லாம உள்ள எழுதி நிரப்புன வேரியபிள் ரிசல்ட் ட்ரீ ஃபிராக்மென்ட்னு ஒரு சாதி, அதுக்குள்ள சாய்வுகோடு போட்டு நடக்க முடியாது, நோட்-செட்() எக்ஸ்டென்ஷன் வேணும். அதவிட மோசம், இஃப் டெஸ்ட்="$எக்ஸ்"-ன்னு கேட்டா உள்ள ஒன்னுமே இல்லன்னாலும் உண்மைன்னுதான் சொல்லும். ஸ்ட்ரிங்($எக்ஸ்)-ன்னு மாத்தி கேளுங்க.

மறுபடியும் செந்தூல் தம்பி: பேரம் அனுப்புறேன், போய் சேரவே மாட்டேங்குதுக்கா.

ரெண்டு காரணம். மொதலாவது, நடுவுல ஏதோ ஒரு டேக்குக்கு நீங்க டெம்ப்ளேட் எழுதல, அங்க உள்ளமைஞ்ச டெம்ப்ளேட் ஓடும், 1.0-ல அது பேரத்த கீழ கடத்தாது, முழுங்கிடும். 2.0-ல கடத்தும், டனல் பேரம்னு வேற வசதியும் இருக்கு. ரெண்டாவது எழுத்துப் பிழ. எனக்கு ஒரு தடவ ரெண்டு நாள் போச்சு, அனுப்புற பக்கம் இன்வாய்ஸ்நோ, வாங்குற பக்கம் இன்வாய்ஸ்நம்பர், 1.0 வாயத் தொறக்கவே இல்ல, டிஃபால்ட் மதிப்ப எடுத்து சமத்தா ஓடிட்டு இருந்துச்சு. ராத்திரி மாமாக் கடையில தே ஓ ஐஸ் குடிச்சிக்கிட்டு பிரின்ட் எடுத்த பேப்பர பாத்தப்பதான் கண்ணுல பட்டுச்சு. 2.0-ல கால்-டெம்ப்ளேட்டுக்கு இந்த தப்பு பண்ணா எரர் வந்துடும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் கணக்கு ஆபீஸ்லேருந்து ஒரு அங்கிள்: சேவை வரி 6 விழுக்காட்டுலேருந்து 8 ஆனப்போ இருபது இடத்துல மாத்துனோம்மா. வேரியபிள்ல வச்சா போதுமா?

வேரியபிள் வேணாம் அங்கிள், மேல்மட்டத்துல பேரமா வைங்க, டிஃபால்ட் 8 போட்டு, வேணும்னா வெளியிலேருந்து மாத்தி அனுப்பலாம். எக்ஸ்எஸ்எல்டிபிராக்ல எழுத்து அனுப்புறீங்கன்னா --ஸ்ட்ரிங்பேரம் போடுங்க, --பேரம் போட்டா அத எக்ஸ்பாத்னு (டேக்குக்கு வழி சொல்ற எழுத்து) நெனச்சு டேக் தேடும், கிள்ளான்காரர் கததான். ஆனா நியாயமா பாத்தா ரேட்டையே ஸ்டைல்ஷீட்ல வைக்கக் கூடாது அங்கிள். 2024 மார்ச் 1-லதான் 8 ஆச்சு, சாப்பாட்டுக் கடை, டெலிகாம், பார்க்கிங், லாஜிஸ்டிக்ஸ் அப்பவும் 6-லயே நின்னுச்சு, பழைய பில்ல மறுபடி பிரின்ட் எடுத்தா தப்பா வரும். இன்வாய்ஸ் எக்ஸ்எம்எல்ல வரி விழுக்காடு இருந்தா அங்கேருந்தே எடுங்க.

பட்டர்வொர்த் தங்கச்சி: இவ்ளோ பிரச்சன இருந்தா ஏன்க்கா இன்னும் 1.0?

1.0 வந்தது 1999, 2.0 2007, 3.0 2017. ஆனா மைக்ரோசாஃப்ட் டாட்நெட்டோட கூட வர்றதும், எக்ஸ்எஸ்எல்டிபிராக்குக்கு அடியில இருக்குற லிப்எக்ஸ்எஸ்எல்டியும் 1.0-லயே நிக்குது, ஆபீஸ்ல குடுத்தத வச்சுதான ஓட்டுறோம். கேக்க முடிஞ்சா சாக்சன் ஹெச்இ-ன்னு ஸ்டைல்ஷீட் ஓட்டுற ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அத கேளுங்க, காசு இல்ல, 3.0 ஓடும். அதுல இட்டரேட்னு ஒன்னு இருக்கு, செந்தூல் தம்பி ஆசப்பட்ட மாதிரியே ஒவ்வொரு சுத்துக்கும் மொத்தத்த அடுத்த சுத்துக்கு தூக்கிட்டுப் போகலாம். அங்கயும் வேரியபிள் மாறாது, நெக்ஸ்ட்-இட்டரேஷன்ல புது மதிப்ப கையில குடுத்து அனுப்பணும், அவ்ளோதான்.