காதல் தோல்விப் பாடல்கள் அன்றைக்கும் இன்றைக்கும் எப்படி மாறியிருக்கின்றன? எதை வைத்து ஒப்பிடுவது?

எந்தப் பாட்டு அதிக சோகம் என்று பார்க்க ஆரம்பித்தால் ஒன்றும் பிடிபடாது. வரிகளை எழுதி வைத்துக்கொண்டு இரண்டை மட்டும் அடிக்கோடிடுங்கள்: பாட்டு யாரிடம் பேசுகிறது, வினை எப்படி முடிகிறது. பெரும்பாலும் பல்லவியிலேயே விடை கிடைத்துவிடும்.

‘தேவதாஸ்’ (1953) படத்தின் ‘உலகே மாயம் வாழ்வே மாயம்’ வரியில் காதலியே கிடையாது. போனது ஒருத்தி, பழி உலகத்தின் மேல். கிட்டத்தட்ட சித்தர் பாட்டு.

‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய ‘எங்கிருந்தாலும் வாழ்க’ அவளிடமே பேசுகிறது. ‘வாழ்க’ என்பது வியங்கோள், வாழ்த்துக்கு உரிய வினை. ‘உன் மங்கலக் குங்குமம் வாழ்க’ என்ற வரியில் கொஞ்சம் நில்லுங்கள். அந்தக் குங்குமம் நிலைக்க வேண்டுமானால் அவள் கணவன் பிழைக்க வேண்டும். அவனுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரே பாடுகிறவர்தான். கதை தெரியாமல் கேட்டால் இது வெறும் பெருந்தன்மையாகத்தான் தோன்றும்.

‘ஒரு தலை ராகம்’ (1980) வேறு வழியில் போகிறது. ‘இது குழந்தை பாடும் தாலாட்டு, இது இரவு நேர பூபாளம்’. தாலாட்டு குழந்தைக்காகப் பாடுவது, பூபாளம் விடியற்கால ராகம். டி. ராஜேந்தர் வரிக்கு வரி தலைகீழாக்கிக்கொண்டே போகிறார். யாரையும் விளிக்கவில்லை, ‘இது’ என்று சுட்டுவதோடு சரி. ஒருதலைக் காதலுக்கு எதிரில் ஆள் ஏது?

‘7ஜி ரெயின்போ காலனி’ (2004) வரும்போது தத்துவம் போய், கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருள் வந்துவிடுகிறது. ‘நினைத்து நினைத்துப் பார்த்தேன்’ பாட்டில் நா. முத்துக்குமார், படித்து முடிக்கும் முன்னே எரியும் கடிதத்தைக் காட்டுகிறார். விதி, மாயம் என்ற பேச்சுக்கு அங்கே வேலையில்லை.

‘மயக்கம் என்ன’ (2011) படத்தின் ‘அடிடா அவள’ வரியில் ‘டா’வைக் கவனியுங்கள். கேட்பவன் நண்பன். அவள் படர்க்கைக்குப் போய்விட்டாள், வினையும் ஏவல். காதலில் தோற்ற பையன்களைக் குறிக்கும் ‘சூப் பாய்ஸ்’ என்ற சொல் பரவியதும் அதே வருடம்தான். இதில் கோபத்தைவிடத் தன்னையே கேலி செய்துகொள்வது அதிகம் என்பது என் கணிப்பு. அதற்காக ‘அடி, உதை’யைச் சிரித்துக் கடந்துவிடவும் முடியாது.

வழக்கமாகச் சறுக்கும் இடம் ‘3’ (2012) படத்தின் ‘போ நீ போ’. ஏவல் வினை வந்தாலே வெறுப்பு என்று எழுதிவிடுகிறார்கள். ‘துணை வேண்டாம் அன்பே போ’ என்று ‘அன்பே’வும் ‘போ’வும் ஒரே மூச்சில் வருகின்றன, அதற்கு முன்னால் ‘தனியாகத் தவிக்கின்றேன்’ வேறு. துரத்துகிறவன் பேச்சு அப்படி இருக்காது.

இன்னொன்று. இந்தப் பட்டியலில் எல்லாமே ஆண் குரல். பெண் பக்கத்தைச் சேர்க்க அதே 1962 படத்தில் பி. சுசீலா பாடிய ‘சொன்னது நீதானா’விலிருந்து தொடங்கலாம். அங்கே வாழ்த்து இல்லை, கேள்விதான், அதுவும் கணவனைப் பார்த்து.